பத்து முகவரி, ஒரு பெட்டியும் இல்லை

மடற்குழுவின் உறுப்பினர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் ஒரே மின்னஞ்சல் முகவரி. குழுவை நடத்தும் மென்பொருளான மெயில்மேன் 2.1-ஐ நிறுவுபவரோ ஒவ்வொரு குழுவுக்கும் பத்து முகவரிகளை உயிர்ப்பிக்க வேண்டும். குழுவின் பெயர் 'தோட்டம்' என்றால், அந்தப் பெயருக்கு வரும் மடல் எல்லோருக்கும் போகும். அதோடு சிறுகோடிட்டு 'ஓனர்' சேர்த்தால் பொறுப்பாளருக்கு, 'பவுன்சஸ்' என்றால் திரும்பி வந்த மடல்களுக்கு, 'ரிக்வெஸ்ட்' என்றால் கட்டளைகளுக்கு. சேர இரண்டு, விலக இரண்டு, உறுதிசெய்ய ஒன்று, பழைய வழக்கத்துக்காக 'அட்மின்' ஒன்று.

இவை எதற்கும் அஞ்சல்பெட்டி கிடையாது. எல்லாமே அலையஸ்கள், வரும் மடலை மெயில்மேன் நிரலின் கையில் கொடுப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது.

முதலில் 'மெயில்மேன்' என்ற பெயரிலேயே ஒரு குழுவைத் தொடங்க வேண்டும். அது இல்லாமல் சேவை கிளம்பாது. அடுத்து உங்கள் குழு. உருவாக்கியதும் பத்து வரிகளைத் திரையில் காட்டி, 'இவற்றை அலையஸ் கோப்பில் சேர்' என்று மென்பொருள் சொல்லும். பலரும் அப்படியே சர்வரின் பொது அலையஸ் கோப்பில் ஒட்டிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கோப்பு ரூட் பயனருக்குச் சொந்தமானது. ரூட் உரிமையோடு வெளி நிரலை இயக்க அஞ்சல் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸ் துணியாது. 'நோபடி' என்ற அதிகாரமற்ற பயனராக இயக்கும். மெயில்மேனோ தன்னை அழைப்பவர் எந்தக் குழுமத்தைச் சேர்ந்தவர் என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் 'குரூப் மிஸ்மேட்ச்' என்று மடலைத் திருப்பிவிடும். வரிகளில் எழுத்துப் பிழை தேடி ராத்திரியைக் கழிப்பதில் பயனில்லை. பிழை கோப்பின் உரிமையில் இருக்கிறது.

எனவே மெயில்மேன் அமைப்புக் கோப்பில் அஞ்சல் சர்வர் 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்று குறித்துவிட்டு, 'ஜென்அலையசஸ்' கட்டளையை இயக்குங்கள். மெயில்மேன் தனக்கென ஓர் அலையஸ் கோப்பை எழுதிக்கொள்ளும். அதன் தரவுக் கோப்புக்கும் மெயில்மேன் பயனரே உரிமையாளராக இருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் 'அலையஸ் மேப்ஸ்' வரியில், பழைய கோப்பை நீக்காமல், இதையும் சேர்த்து ரீலோடு செய்யுங்கள். இனி புதுக் குழுக்களுக்கான வரிகள் தாமாகவே சேரும்.

சோதிக்க, 'ரிக்வெஸ்ட்' முகவரிக்கு 'ஹெல்ப்' என்று தலைப்பிட்டு ஒரு மடல். உதவிக் குறிப்பு பதிலாக வந்தால் பாதை சரி.

இப்போது புதிதாக நிறுவுவோர் மெயில்மேன் 3-க்கே போகலாம், 2.1 நம்பியிருக்கும் பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. மெயில்மேன் 3-இல் இந்த அலையஸ் வரிகள் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் மடலை எல்எம்டிபி நெறிமுறை வழியாக 8024-ஆம் போர்ட்டில் நேரே ஒப்படைத்துவிடுகிறது.