பழுதான காரை வாங்கியவரின் சட்ட உரிமைகள்: முதல் 30 நாட்கள்

ஒருவர் வாகன விற்பனை நிலையமொன்றில் 6,000 பவுண்கள் கொடுத்துப் பழைய கார் ஒன்றை வாங்குகிறார் எனக் கொள்வோம். பத்தாம் நாள் கியர்ப்பெட்டி பழுதாகிவிடுகிறது. தொலைபேசியில் அழைத்தால், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்? அடுத்த மாதம் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்கிறார் விற்பனையாளர். வீண் பிணக்கு வேண்டாமென்று வாங்கியவரும் காத்திருக்கிறார். அவ்வாறு காத்திருக்கையிலேயே அவரது மிக வலுவான உரிமை கைநழுவிப் போகிறது.

சட்டம் கூறுவது

பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி, வணிகர் விற்கும் கார் திருப்திகரமான தரமுடையதாகவும், பயன்பாட்டுக்கு ஏற்றதாகவும், விவரிக்கப்பட்டவாறும் இருத்தல் வேண்டும். பழைய காருக்கும் இது பொருந்தும். எனினும், அதன் வயது, ஓடிய தூரம், விலை ஆகியன கருத்திற் கொள்ளப்படும். வழமையான தேய்மானம் குறையாகாது. விற்பனைக்கு முன்னரே சுட்டிக்காட்டப்பட்ட குறைக்காகப் பின்னர் முறையிடவும் இயலாது. ஆனால், "உள்ளபடியே விற்கப்பட்டது" என்று பற்றுச்சீட்டில் எழுதிவிடுவதால் வணிகரின் பொறுப்பு நீங்கிவிடாது.

முதல் 30 நாட்கள்

கார் கையளிக்கப்பட்டு 30 நாட்களுக்குள் அதனை நிராகரித்து, முழுப் பணத்தையும் திரும்பக் கோரலாம். குறை தொடக்கத்திலேயே இருந்ததென இங்கு வாங்கியவரே காட்டவேண்டும். ஆகவே, சுயாதீனமான மெக்கானிக் ஒருவரின் எழுத்துமூல அறிக்கை பெரிதும் உதவும். பழுதுபார்க்க இணங்கினால், அதற்குச் செலவாகும் நாட்கள் கணக்கில் சேரா. கார் திரும்பிய பின்னரும் குறை நீடித்தால், எஞ்சிய நாட்களுக்குள், அல்லது அவை 7க்குக் குறைவாயின் 7 நாட்களுக்குள், நிராகரிக்கலாம்.

30 நாட்களுக்குப் பின்னர்

இப்போது பழுதுபார்க்கவோ மாற்றுக் கார் தரவோ வணிகருக்கு ஒரு வாய்ப்பு அளிக்கவேண்டும். அது பலனளிக்காவிடின், விலைக்குறைப்பைக் கோரலாம் அல்லது காரை நிராகரிக்கலாம். முதல் 6 மாதங்களுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகச் சட்டம் கருதும்; அவ்வாறில்லை என நிரூபிப்பது வணிகரின் கடமை. ஆயினும், இக்கட்டத்தில் திருப்பித்தரும் தொகையில், காரைப் பயன்படுத்தியமைக்காக நியாயமான கழிவு செய்யப்படலாம். 6 மாதங்களின் பின் நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவரைச் சாரும்.

தனியாரிடம் வாங்கினால்

தனிநபர் விற்கும் கார் அவர் விவரித்தவாறு இருக்கவேண்டும். அதனை விற்கும் உரிமை அவருக்கு இருக்கவேண்டும். இவற்றுக்கு மேலான பாதுகாப்பு மிகக் குறைவு. எனவே, பணம் கொடுக்குமுன் காரின் எம்.ஓ.டி. பரிசோதனை வரலாற்றை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்ப்பது நன்று. லொக் புத்தகம் உரிமையாளர் யாரென்பதற்குச் சான்றன்று என்பதையும் நினைவிற் கொள்க.

கடனில் வாங்கினால்

ஹயர் பேர்ச்சேஸ் முறையில் வாங்கிய காரின் சட்டபூர்வ உரிமையாளர் நிதி நிறுவனமே. முறைப்பாடும் அதற்கே செல்லவேண்டும். ஆலோசனை பெறாமல் மாதத் தவணையை நிறுத்துதல் ஆபத்தானது. கடனட்டையில் முற்பணம் மட்டும் செலுத்தியிருந்தாலும், காரின் விலை 100 பவுண்களுக்கு மேற்பட்டு 30,000 பவுண்களுக்கு மேற்படாதிருப்பின், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்குகிறது. இந்நிறுவனங்கள் 8 வாரங்களுள் தீர்வு தராவிடின், ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மன் சேவையிடம் இலவசமாக முறையிடலாம்.

செய்யவேண்டியவை

தொலைபேசியில் பேசியதற்குச் சான்று இல்லை. ஆகையால், குறை தெரிந்த அன்றே காரை ஓட்டுவதை நிறுத்தி, மின்னஞ்சலிலோ கடிதத்திலோ அறிவிக்கவேண்டும். அதற்குச் சட்டமொழி தேவையில்லை: வாங்கிய திகதி, குறை, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர், கோரிக்கை ஆகிய நான்கும் போதும். "பழுதுபார்த்துத் தாருங்கள்" என்பது ஒரு கோரிக்கை. "காரை நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்பது வேறொரு கோரிக்கை. எது வேண்டுமெனத் தெளிவாக எழுதுதல் அவசியம். விளம்பரம், பற்றுச்சீட்டு, குறுஞ்செய்திகள் அனைத்தையும் பாதுகாத்து வைக்கவேண்டும்.

வணிகர் மறுத்தால், சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிறுவனத்தின் நுகர்வோர் சேவையிடம் இலவச ஆலோசனை பெறலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 10,000 பவுண்கள் வரையான கோரிக்கைகளைச் சிறு வழக்கு நடைமுறையில், சட்டத்தரணி இன்றியே நீதிமன்றத்தில் முன்வைக்கலாம். உரிமையைக் கோருவது சண்டையாகாது. ஆனால், காலந்தாழ்த்திக் கோரினால் அதன் வலு குறையும்.