இரண்டாம் நிலை லீக்கும் கோவையில் வென்ற கோப்பையும்

கேள்வி: இங்கிலாந்தின் சாம்பியன்ஷிப் போன்ற இரண்டாம் நிலைக் கால்பந்துத் தொடர் இந்தியாவில் உண்டா? தமிழக அணி அதில் வென்றதுண்டா?
– வாசகர், கச்சிராயபாளையம்

பதில்: சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள் தலா 46 ஆட்டங்கள் ஆட, முதல் இரு அணிகள் நேரடியாகவும் மூன்றாவதாக ஓர் அணி பிளே-ஆஃப் எனும் கூடுதல் ஆட்டங்கள் வழியாகவும் பிரீமியர் லீக்கிற்கு உயர்கின்றன. இந்தியாவில் அந்த இடம் ஐ-லீக் தொடருக்குத் தரப்பட்டது. ஆனால் சென்னை சிட்டி அணி 2018-19 பருவத்தில் அதை வென்றபோது அது இன்னும் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டிருக்கவில்லை. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் வழிகாட்டலில், முன்கள வீரர் பெத்ரோ மான்சியின் 21 கோல்களின் துணையுடன் முன்னேறிய அவ்வணி, 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் கோல் வாங்கியும் 3-1 என மீண்டு, அதே நாளில் தானும் வென்ற ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தியது. அடுத்த பருவத்திலேயே இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) முதல்நிலைத் தொடராக்கப்பட்டது, ஐ-லீக் வெற்றியாளருக்கு அதில் இடம் தரும் தரவுயர்வு முறையோ 2022-23 பருவத்தின் முடிவில்தான், பஞ்சாப் அணியின் மூலம், நடைமுறைக்கு வந்தது. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலிருந்தே மறைந்துவிட்டது. களத்தில் ஈட்டிய தகுதிக்கு உரிய வழி திறந்திராதது தமிழகக் கால்பந்துக்கு நேர்ந்த பெரும் இழப்பே.