கண்காட்சி முடிந்த மறுநாள்

பள்ளிக் கண்காட்சி என்றதும் ஃபிளக்ஸ் கடைக்கும் தெர்மாகோல் வாங்கவும் ஆள் அனுப்புவது நம் வழக்கம். ஒரு நாள் காட்சி, மறுநாள் குப்பை. காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊரில் உடைந்த தெர்மாகோல் மணிகள் காற்றில் பறந்து கடலில் சேர நேரமாகாது. ஃபிளக்ஸை எரிப்பது இன்னும் மோசம், பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் வெளிவரும். அலங்காரத்துக்கான தெர்மாகோலும் 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்களும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன.

2007இல் புறப்பட்ட ‘சயின்ஸ் எக்ஸ்பிரஸ்’ கண்காட்சி ரயிலை நினைத்துப் பாருங்கள். முதலில் அறிவியல், 2012 முதல் பல்லுயிர்ப் பெருக்கம், பின்னர் காலநிலை மாற்றம். பொருள் மாறியது, 16 பெட்டிகள் கொண்ட ஏற்பாடு தொடர்ந்தது. சுழற்சி வடிவமைப்பு என்பதும் இதுதான். பொருத்தும்போதே கழற்றுவதையும் திட்டமிட வேண்டும்.

நம் ஊருக்கு ஏற்ற தலைப்பு முத்துக்குளிப்பு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இக்கரையின் ‘காயல்’ துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். உடைந்த பெஞ்சுப் பலகைகள், பழைய அட்டைப்பெட்டிகள் ஆகியவற்றை 2 அடிக்கு 3 அடியாக வெட்டி, மூலைகளில் துளையிட்டுக் கயிற்றால் கட்டலாம். பசையும் செலோ டேப்பும் வேண்டாம். அவை பட்ட அட்டையை மறுபடி பயன்படுத்துவது கடினம். (காகிதக்கூழ் மாதிரிகள் அழகுதான், ஆனால் அடுத்த ஆண்டு எங்கே வைப்பது?) விளக்கத்தைச் சார்ட்டில் எழுதிக் கிளிப்பில் மாட்டினால் தாளை மட்டும் மாற்றினால் போதும். சிப்பிகளை வைக்கப் பனையோலைப் பெட்டியும், பின்திரைக்குக் கழுவிய பழைய மீன்வலையும் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை: பவளத் துண்டு, கடல் அட்டை, கடற்குதிரை ஆகியவற்றை மாணவர்கள் கொண்டுவர விடாதீர்கள். அவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. படம் வரைந்து வைக்கட்டும்.

மதிப்பெண்ணையும் மாற்றிப் பார்க்கலாம். 10இல் 6 காட்சிக்கு, 4 கழற்றி அடுக்கிப் பதிவேட்டில் எழுதுவதற்கு. எத்தனை பலகை, எவ்வளவு கயிறு, எது குப்பைக்குப் போனது, எத்தனை கிராம் என்று 7ஆம் வகுப்புப் பிள்ளைகளே எடை போட்டுக் குறிக்கட்டும். கணக்குப் பாடத்துக்கும் அது உதவும். டிசம்பர் 22 கணித நாளுக்குக் கட்டிய பலகைகளே பிப்ரவரி 28 அறிவியல் நாளுக்கும் நிற்கும். கயிறு மட்டும் புதிதாகத் தேவைப்படலாம்.