கூட்ட மீன்களுக்குக் கோடைப் பராமரிப்பு

நியான் டெட்ரா, வரிக்குதிரை டானியோ கூட்டமாக வாழ்பவை. ஓரிரண்டை மட்டும் விட்டால் மிரண்டு மூலையில் ஒதுங்கும். குறைந்தது 6 வாங்குங்கள்.

* சேலம், நாமக்கல் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் கொண்டது. அதில் டானியோ தாக்குப்பிடிக்கும். நியானுக்கு மென்னீரே உகந்தது.

* குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். குளோரின் நீக்கி மருந்து கலந்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.

* வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள்.

* சித்திரை வெயிலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். மூடியை எடுத்து வலை போட்டு, காற்று பம்பை ஓடவிடுங்கள். மின்விசிறிக் காற்றும் படட்டும்.

* இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீவனம் போடுங்கள்.