ஏழு மில்லியா, மூன்றரை மில்லியா?

கேள்வி: எங்கூர் மதுக்கரைங்க. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம். பாப்பாவை எங்க அம்மாதான் பாத்துக்கறாங்க. மூன்றரை வயசு, 12 கிலோ. போன மாசம் காய்ச்சல் வந்தப்போ டாக்டர் பாராசிட்டமால் சிரப் 7 மில்லி எழுதிக் கொடுத்தார். பாட்டில் தீர்ந்ததும் மருந்துக்கடையில இன்னொண்ணு வாங்கினோம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் புதுசுல 250னு போட்டிருக்கறதைப் பாத்தேன், பழசுல 125. காய்ச்சல் எறங்கலைன்னு, பெரியவனுக்கு வாங்கி மீதியிருந்த மெஃபனமிக் சிரப்பையும் அம்மா ஒரு வேளை கொடுத்திருக்காங்க. பாப்பா இப்ப நல்லா இருக்கா. ஆனா எனக்கு மனசு ஆறலைங்க. இருமல் மருந்து குடிச்சுக் குழந்தைங்க செத்துப்போன செய்தியைப் பாத்ததுல இருந்து சிரப்புன்னாலே பயம். நிறுத்திடலாமுங்களா? பால்ல கலந்து கொடுக்கலாமான்னு அம்மாவும் கேக்கச் சொன்னாங்க.
— ஒரு தாய், மதுக்கரை

பதில்: அம்மிணி, பாப்பா நன்றாக இருக்கிறாள் என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதை நிதானமாகப் படித்தேன். நீங்கள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தது பெரிய காரியம். பலர் பார்ப்பதேயில்லை.

பாராசிட்டமால் அளவைத் தீர்மானிப்பது வயதைவிடக் குழந்தையின் எடைதான். ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் பாப்பாவுக்கு அதிகபட்சம் 180. டாக்டர் எழுதிய 7 மில்லி, 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்புக்கானது. அதில் 175 மில்லிகிராம் வரும், சரியான கணக்கு. 250 சிரப்பில் அதே மருந்துக்கு மூன்றரை மில்லி போதும். நீங்கள் ஏழு கொடுத்ததால் ஒவ்வொரு வேளையும் 350 மில்லிகிராம் உள்ளே போயிருக்கிறது. ஒரே ஒரு வேளை இப்படி இரட்டிப்பாகிவிட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால்தான் கல்லீரல் பாதிக்கப்படலாம், அதிலும் காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கு. இதில் என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று: அளவு மிஞ்சிய முதல் நாளில் குழந்தை விளையாடிக்கொண்டே இருக்கும். ‘நல்லாத்தானே இருக்கா’ என்று காத்திருக்கக் கூடாது. இதற்கு முறிவு மருந்து உண்டு, சீக்கிரம் போனால் நன்றாக வேலை செய்யும். இனி எப்போதாவது அளவு கூடிவிட்டது தெரிந்தால், பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எப்போது, எத்தனை மில்லி கொடுத்தீர்கள் என்று சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பாராசிட்டமால் சொட்டு மருந்தும் இருக்கும். அதில் பொதுவாக ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500! ஆகவே சீட்டில் மில்லி மட்டும் எழுதியிருந்தால், “எந்த சிரப்புக்குங்க, 125க்கா 250க்கா?” என்று டாக்டரிடமும் கேளுங்கள், மருந்துக்கடையிலும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஓர் அளவு. பெட்டியோடு வரும் மூடியோ, ஊசியில்லாத சிரிஞ்சோதான் கணக்கு.

அடுத்தது அம்மா கொடுத்த மெஃபனமிக். பேத்தி அனலாய்க் கொதிக்கும்போது சும்மா இருக்க எந்தப் பாட்டிக்கும் மனசு வராது, அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த பாட்டிலை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நம் பக்கம் டெங்கு வரும். தண்ணீர் நாள் விட்டு வரும் தெருக்களில் ட்ரம்மில் பிடித்து வைக்காமல் முடியாது, அந்தத் தண்ணீரில்தான் கொசு முட்டையிடும். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். மெஃபனமிக்கும் இபுபுரூஃபனும் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும், இரைப்பையையும் புண்ணாக்கும், ரத்தக்கசிவு கூடும். என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். மெஃபனமிக் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையமே 2023 நவம்பரில் எச்சரித்தது. போதாததற்கு, இந்த இரண்டில் ஒன்றோடு பாராசிட்டமாலைச் சேர்த்தே சில சிரப்புகள் வருகின்றன. அதைக் கொடுத்துவிட்டுத் தனியாகவும் பாராசிட்டமால் கொடுத்தால், தெரியாமலே மறுபடி இரட்டிப்பு.

காய்ச்சல் இறங்கவில்லை என்றீர்கள். 103 இருந்தது 101 ஆனால் மருந்து வேலை செய்துவிட்டது என்றே அர்த்தம். கொடுத்து முக்கால் மணி, ஒரு மணி நேரமாவது பொறுங்கள். பாராசிட்டமால் காய்ச்சலின் காரணத்தைக் குணமாக்காது, உடம்பு நோவைக் குறைத்து, குழந்தை நாலு வாய் கஞ்சி குடிக்க உதவும். அவ்வளவுதான் அதன் வேலை. தூங்கும் குழந்தையை எழுப்பிக் கொடுக்க வேண்டாம். ஆறு மணி நேர இடைவெளி இருக்கட்டும், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு வேளை கொடுக்க, அது தெரியாமல் அம்மா ஒரு மணி நேரத்தில் இன்னொரு வேளை கொடுப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சமையலறைக் காலண்டரில் நேரத்தையும் மில்லியையும் எழுதுங்கள், யார் கொடுத்தாலும்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளுக்குப் பிறகு உடம்பு குளிர்ந்து, ஆனால் குழந்தை துவண்டு கிடந்தால், வயிறு வலிக்கிறது என்று அழுதால், விடாமல் வாந்தி எடுத்தால், கை கால் சில்லிட்டால், ஈறில் ரத்தம் தெரிந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் பயம். அது நியாயமான பயம். 2025ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது எஸ்ஆர்-13 என்ற தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம்தான். பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் மருந்துத் தரத்தில் இருக்க வேண்டும். தொழிற்சாலை ரகத்தைச் சோதிக்காமல் வாங்கினால் இந்த நஞ்சு கூடவே வரக்கூடும். 1972லேயே சென்னையில் இதே நஞ்சு குழந்தைகளைக் கொன்றது. அரை நூற்றாண்டு கழித்தும் ஒவ்வொரு பீப்பாயையும் சோதிக்காமல் விடுகிறார்கள் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இதற்காகப் பாராசிட்டமாலை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது சளி, இருமல் சிரப்பை. கோல்ட்ரிஃபிலும் பாராசிட்டமால் இருந்தது, கூடவே சளிக்கென்று குளோர்ஃபெனிரமினும் ஃபெனிலெஃப்ரினும். இந்த இரண்டும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. உங்கள் பாப்பாவுக்கு மூன்றரைதான். எந்த சிரப் வாங்கினாலும் பில் கேளுங்கள், அதில் தொகுதி எண் இருக்கட்டும். குணமான பிறகும் பாட்டிலைச் சில நாள் வைத்திருங்கள். மருந்து கொடுத்த நாட்களில் குழந்தை சிறுநீர் போவது சட்டென்று குறைந்தால் காத்திருக்காதீர்கள்.

அம்மா கேட்டதற்கு: டம்ளர் பாலில் கலக்க வேண்டாம். பாதிப் பாலை வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பாப்பாவை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, சிரிஞ்சைக் கன்னத்து ஓரமாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பால் பிறகு குடிக்கட்டும்.