புலவர் வரலாறும் பாயிர இலக்கணமும்

நூலைக் கற்பார்க்கு நூலே அமையும், நூலாசிரியர் வரலாறு வேண்டுவதன்று எனக் கூறுவார் நம்மவருட் சிலர் உளர். சாத்திரம் மெய்ப்பொருளை உணர்த்துவது. அதனைச் செய்தவர் பிறந்த ஊரும், உண்ட சோறும், பட்ட கடனும் உடம்பின்பாற் பட்டன. அவற்றை ஆராய்தல் உமியைக் குற்றுதலோடு ஒக்கும் என்பது அவர் கருத்து. இக்கூற்று வைராக்கியம் போலத் தோன்றும். ஆயினும், நம் முன்னோர் நூல் கற்பித்த முறைக்கு இது பொருந்துவதன்று.

என்னை? நன்னூலார் நூலுக்கு முன் பாயிரத்தை வைத்தார். சிறப்புப்பாயிரத்துக்கு உரியன எட்டென எண்ணத்தொடங்கி, ஆக்கியோன் பெயரையே முதலில் நிறுத்தினார். காலம், களன், காரணம் என்னும் மூன்றையும் அவ்வெட்டோடு கூட்டி உரைப்பாரும் உளர் என்றார். எக்காலத்தில், எவ்வவையில், எது பற்றி இந்நூல் எழுந்தது என்னும் இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறப்புகுந்தால் விளைவது வரலாறேயன்றிப் பிறிதன்று. பொதுப்பாயிரமோ இதனினும் ஒருபடி மேற்சென்று, கற்பிப்போன் இயல்பு, கற்பிக்கும் முறை, கற்போன் இயல்பு, கற்கும் முறை ஆகியவற்றை வகுத்துரைக்கின்றது. ஆதலின் புலவர் வரலாறென்பது மேனாட்டாரைக் கண்டு நாம் புதிதாக மேற்கொண்டதன்று. பாயிரம் சுருங்கக் கூறியதன் விரிவே அது.

இதற்குச் சான்றாவார் சந்தான குரவருள் நாலாமவராகிய உமாபதிசிவனார். சிவப்பிரகாசம் அருளியவரும், சகம் 1235, அஃதாவது கி.பி. 1313ஆம் ஆண்டிற் சங்கற்பநிராகரணம் இயற்றியவரும் ஆகிய அப்பெருமான் பெயரால் வழங்குவது சேக்கிழார் புராணம். திருத்தொண்டர் புராண வரலாறு என்பது அதன் மற்றொரு பெயர். அடியவர் வரலாறு பாடினவர்க்கே ஒரு வரலாறு பாடப்பட்டமை கருதத்தக்கது. அதில் நன்னூலார் குறித்த மூன்றும் ஒழுங்காக அமைந்துள. அரசன் சீவகசிந்தாமணியில் ஈடுபட்டிருந்தமை காரணம். தில்லையின் ஆயிரக்கால் மண்டபம் களன். ஒரு சித்திரைத் திருவாதிரையிற் றொடங்கி மறு சித்திரைத் திருவாதிரையில் விரித்துரை நிறைவுற்றமை காலம். ஆசிரியர் வரலாறு பயனில் செயலாயின் சாத்திரம் செய்த கையால் அதனை எழுதியிரார்.

ஆயின், சேக்கிழார் வாழ்ந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டு. உமாபதிசிவனார் நூல்செய்தது பதினான்காம் நூற்றாண்டு. இடைப்பட்டது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம். எனவே அவ்வரலாறு காட்சியளவையால் வந்ததன்று. பெரியோர்பாற் கேட்டு வந்த உரையளவையால் வந்தது. ஈண்டே நாம் ஒரு கருவியைக் கைக்கொள்ளல் வேண்டும். சித்தியார் அளவையியலிற் கூறிய காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் பதிபசுபாசங்களைத் துணிதற்கு மட்டும் உரியனவல்ல. ஒரு புலவர் சரித்திரம் கைக்கு வந்தால், இதில் எது நேரிற் கண்டது, எது அடையாளங்கொண்டு கருதியது, எது வழிவழியாகக் கேட்டது எனப் பிரித்துப் படிப்பார்க்கும் அவையே துணை.

சென்ற இரு நூற்றாண்டுகளில் எழுந்த தொகுப்புக்களை இக்கருவியால் விரைந்து நோக்குவோம். ஈழநாட்டுச் சைமன் காசிச்செட்டியார் 1859ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ்ப் புளூட்டாக்கும், யாழ்ப்பாணத்து ஆர்னல்டு சதாசிவம் பிள்ளை 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகமும் பெயர்களை அழியாமற் காத்தன. அவ்வளவில் அவர்கட்கு நாம் கடப்பாடுடையோம். ஆயின் பழம்புலவரைப் பற்றி அவை கூறுவனவற்றிற் பெரும்பாலன செவிவழிச் செய்திகள். ஐயக்காட்சியும் திரிவுக்காட்சியும் விரவியவை. வீராசாமிச் செட்டியாரின் விநோதரசமஞ்சரியிற் காணும் கம்பர், ஒட்டக்கூத்தர் கதைகளோ சுவைக்கு உரியனவேயன்றித் துணிவுக்கு உரியனவல்ல. நல்லூர் ஆறுமுகநாவலர் சரித்திரம் இவற்றின் வேறாயது. நாவலர் 1879ஆம் ஆண்டிற் சிவபதமடைந்தார். கனகரத்தின உபாத்தியாயர் எழுதிய சரித்திரம் 1882ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. கண்டாரும் கேட்டாரும் பலர் உயிரோடிருந்த காலமாதலின், பொய் கூறின் மறுப்பார் அண்மையில் இருந்தனர். அச்சரித்திரத்துக்கு அது பெரிய காவல்.

காட்சியளவை நிரம்பிய சரித்திரம் யாது என வினவின், திரிசிரபுரம் மகாவித்துவான் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம் என்க. பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டிற் பிறந்து 1876ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் முதல் நாளில் திருவாவடுதுறையிற் சிவபதமடைந்தார். அவருடைய மாணாக்கர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் அச்சரித்திரத்தை இரண்டு பாகங்களாக 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். ஆசிரியர் மறைந்து 57 ஆண்டு கழிந்தபின், தமக்கு வயது எழுபத்தெட்டு ஆனபின், முதற்பாகம் வெளிப்பட்டது. அந்நெடுங்காலம் முழுதும் அவர்கள் கண்டாரைத் தேடியும் கேட்டும் செய்தி தொகுத்தார்கள்.

அந்நூலை ஒருமுறை பொதுப்பாயிர நோக்கோடு படித்துப் பார்க்கும்படி அன்பர்களை வேண்டுகின்றேம். கொள்வோன் இயல்பு எத்தகையது என்பதை இலக்கண நூலார் விதியாகக் கூறினர். அச்சரித்திரம் அதனை ஒரு மனிதரிடத்து வைத்துக் காட்டுகின்றது. பிள்ளையவர்கள் இளமையிற் றண்டியலங்காரத்தைக் கற்க விழைந்தார், கற்பிப்பார் கிடைத்திலர். பிச்சையேற்று உண்ணும் பரதேசி ஒருவர் அதனை அறிந்தவர் எனக் கேள்வியுற்று, அவரைப் பின்றொடர்ந்து, வேண்டும் பணிகள் செய்து, அவர் மனமுவந்தபோது பாடங்கேட்டுக் கொண்டார். நூல் அச்சேறாத காலத்தில் ஒரு சிறிய அணிநூல் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கு வருவதற்கு எத்துணைப் பாடு வேண்டியிருந்தது என்பது இவ்வொரு செய்தியால் விளங்குமளவு பத்து இலக்கண விருத்தியாலும் விளங்காது. இன்று அந்நூலை எளிதில் விலைக்கு வாங்கி அலமாரியில் அடுக்கிவைத்துப் பிரித்தும் பாராதாரை யாம் அறிவேம்.

இனி ஈவோன் இயல்பு. தலபுராணங்கள் இருபதுக்கு மேலும், பிள்ளைத்தமிழ் பத்தும் உட்பட எண்பதுக்கு மேற்பட்ட பிரபந்தங்கள் இயற்றிய அவர், பாடுதலைப் பெரிதாக எண்ணிப் பாடஞ்சொல்லுதலைச் சிறிதாக எண்ணினாரல்லர். மாணாக்கர் ஏட்டில் எழுத எழுதச் செய்யுள் சொல்லிக்கொண்டே போவார். இடையிற் பாடமும் நடக்கும். வந்தவர்க்கெல்லாம் கற்பித்தார். கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை அவரை நிழல்போற் பிரியாதிருந்த மாணாக்கர். நாகூர்க் குலாம்காதிறு நாவலர் இசுலாமியர். மாயூரம் முனிசீபு வேதநாயகம் பிள்ளையோ அவர்க்கு நண்பர். அவர்மேல் ஒரு கோவையும் பாடினார். சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடிய சைவப் பெரும்புலவர் ஒருவர், திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவானாக இருந்துகொண்டே இங்ஙனம் செய்தார் என்பதையும், அதனால் அவர்தம் சிவபத்தி ஒருசிறிதும் குறைபடவில்லை என்பதையும் நம் மடங்களைச் சார்ந்தார் நன்கு நினைத்தல் வேண்டும். தமிழ் கற்பித்தற்கு அதிகாரிபேதம் இத்துணை என வரையறை செய்யவேண்டும் என்று இந்நாளிலும் வாதிடுவாரை யாம் எதிர்ப்பட்டதுண்டு. அவர்க்கு நூற்பிரமாணம் காட்டி மறுத்தலினும், இச்சரித்திரத்தின் இறுதிப் பகுதியைப் படிக்கச் சொல்லுதல் எளிது. பிள்ளையவர்களின் இறுதிவேளையில் திருவாசகத்து அடைக்கலப்பத்தை வாசித்தவர் ஓர் அந்தணர். அவர் உடம்பைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கியவர் ஒரு கிறித்தவர். இதனைப் புனைந்துரை எனத் தள்ளுதற்கில்லை. வாசித்தவரே எழுதினார்.

குறை இல்லையோ எனின், உண்டு. மாணாக்கர் ஆசிரியரை எழுதும்போது கை வணங்கியே எழுதும். பிள்ளையவர்களின் வறுமையையும், கடன் தொல்லையையும், பிறர் இல்லத்தில் உண்டு பொறுத்திருந்த பொறையையும் சாமிநாதையரவர்கள் மறைக்கவில்லை. ஆயின் அவர் பாட்டைப் பிறர் குறைகூறிய இடங்களில், கூறினார் பக்கத்து நியாயத்தை நிறுத்துப் பார்ப்பது அரிது. பல தலபுராணங்களை ஒருவர் ஓராண்டில் விரைந்து பாடினால் அவற்றுள் ஒன்றுபோல மற்றொன்று அமைதல் இயல்பு. அதனைச் சரித்திரகாரர் சொல்லாவிடினும் புராணங்களைப் படிப்பார் உணர்வர். இக்குறை, நம் நாளிற் பிறந்தநாள் மலர்களிலும் நினைவு மலர்களிலும் காணும் புகழுரைகளை நோக்க, மிகச் சிறிது. எம்மூர்க்கு மேற்கேயுள்ள மலைச்சரிவில் ஏலக்காய் விளைப்போர் அதனை வெயிலில் இடார். இட்டால் நிறம் வெளுக்கும். அடைத்த அறையில் அளவான வெம்மையில் உலர்த்தியதே பசுமை மாறாதிருக்கும். புகழ் மிகுந்த சரித்திரங்கள் வெயிலிற் காய்ந்த காய் போல்வன.

சாமிநாதையரவர்கள் தம் வரலாற்றையும் எழுதினார்கள். என் சரித்திரம் என்பது அது. 1940ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942ஆம் ஆண்டில் அவர்கள் மறைவோடு நின்று, 1950ஆம் ஆண்டில் நூலாயிற்று. அளவையியலார் காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக்குவர். ஆசிரியர் சரித்திரம் வாயிற்காட்சி பற்றியது. தன் சரித்திரமோ தன்வேதனைக்காட்சி பற்றியது. அவ்வின்பதுன்பங்களை உற்றவர் ஒருவரே அறிவர். பிள்ளையவர்கள் வேங்கடராமன் என்னும் பெயரை விடுத்துச் சாமிநாதன் என்னும் பெயரால் தம்மை அழைக்க விரும்பிய செய்தியை அவர்கள் கூறும் இடத்தில், ஓர் இளைஞர் உள்ளம் நெகிழ்ந்தமை நமக்கும் புலனாகின்றது. ஆயின் தன்வேதனைக்காட்சிக்கு ஒரு வரம்பு உண்டு. தன்னைப் பற்றிக் கூறுவான் தான் மறந்ததை அறியான். ஆதலின் அவ்விரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கற்றலே முறை. 1871 முதல் 1876 வரை பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட அவ்வாண்டுகள் ஒரு நூலில் ஆசிரியர் பக்கமாகவும், மற்றொன்றில் மாணாக்கர் பக்கமாகவும் வருகின்றன. இத்தகைய இரட்டைச் சான்று பிறநாட்டிலும் எளிதிற் கிடைப்பதன்று. ஆங்கில நாட்டுச் சாண்சன் என்னும் புலவருடைய வரலாற்றைப் பாசுவெல் என்பார் எழுதி 1791ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனை அந்நாட்டார் தலைமேற்கொண்டு போற்றுகின்றனர். அவர் தம் நண்பரின் உரையாடலை எழுதினார். நம்மவரோ கற்பித்தலையும் கற்றலையும் எழுதினார்.

மடங்களின் தாழ்வாரத்தில் வாழ்ந்த புலவர்க்கு மாணாக்கர் பலர். ஏடும் கடிதமும் எஞ்சும். மடங்களுக்கு நெடுந்தொலைவிலுள்ள போடிநாயக்கனூர் போன்ற ஊர்களின் நிலை வேறு. இங்கே விற்பனைக்கு வரும் ஏலக்காய்க் குவை ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, எடை உண்டு, கொண்டவர் பெயரும் விலையும் உண்டு. யாவும் எழுத்தில் ஏறும். விடியுமுன் போடிமெட்டு வழியாகத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாளரின் நாட்கணக்கும் எழுதப்படுகின்றது. திண்ணையிலிருந்து திருமுறை கற்பித்தார்க்கு ஒரு வரியும் இல்லை. எமக்கு நன்னூலும் சித்தியாரும் கற்பித்த பெரியவர் இவ்வூரிலேயே முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்து பாடஞ்சொன்னவர். அவர் தம் மாணாக்கர் ஒவ்வொருவரும் இன்ன நூலை இன்ன நாளிற் றொடங்கினார், இன்ன செய்யுளில் நின்றார் என ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தார். அவர் மறைந்தபின் ஓர் ஐப்பசி மழையில் வீட்டின் ஓட்டுக்கூரை ஒழுகி, அவ்வேடு கூழாயிற்று. எஞ்சியது அவர் கைப்பட்ட சித்தியார் அச்சுப்பிரதி ஒன்றே. அதன் ஓரங்களில் மங்கிய பென்சில் எழுத்து அளவையியல் முடியுமட்டும் உள்ளது. அக்குறிப்புக்களால், அவர் சிவஞானமுனிவர் பொழிப்புரையை விட்டு எங்கெங்கே வேறு வழியிற் பொருள்கொண்டார் என்பதைக் கருதலளவையால் ஒருவாறு அறிகின்றோம். அவர் யாரிடம் அவ்வழியைக் கற்றார் என்பதற்கு உரைப்பதற்கு ஒருவரும் இலர். ஒரு சந்தானம் இவ்வாறுதான் அறுகின்றது. நூல் அழிவதால் அறுவது சிறிது. வழி அழிவதால் அறுவது பெரிது.

சிவஞானமுனிவர் பெயர் வந்தமையின் ஒன்று கூறுவேம். சிவஞானபோதத்துக்கு மாபாடியம் அருளிய அப்பெருமான் பாண்டிநாட்டு விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் முக்களாலிங்கர். திருவாவடுதுறையில் வேலப்ப தேசிகரிடம் உபதேசம் பெற்றார். 1785ஆம் ஆண்டிற் சிவபரிபூரணம் எய்தினார். இளம்பருவத்தில் முனிவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்து அமுதளித்து வெண்பாப் பாடிய செய்தியும், வாதங்களிற் பிறரை வென்ற செய்திகள் சிலவும் உடன் வழங்கும். எல்லாம் சேர்ந்து சில பக்கங்களில் அடங்கும். மாணாக்கராகிய கச்சியப்பமுனிவர் பெரும்புலவர். தணிகைப்புராணம் பாடவல்ல அவர் கைக்குத் தம் ஆசிரியர் ஒருநாட் பாடஞ்சொன்ன முறையை எழுதுதல் அரிய செயலன்று. ஆசிரியரைத் துதித்தல் மரபாயிருந்தது, எழுதிவைத்தல் மரபாகவில்லை. மாபாடியத்தில் ஓரிடத்துப் பூர்வபக்கம் செய்வார் யாவர், அவ்வாதம் ஏட்டில் எழுந்ததோ, எதிரே அமர்ந்தவர் வாயில் எழுந்ததோ என ஐயுறும் போதெல்லாம், அம்மடத்தில் அன்றைய மாலைப்பாடத்துக்கு அருகிருந்த ஒரு மாணாக்கர் நான்கு வரி குறித்திருப்பின் எத்துணை உதவியாயிருக்கும் என்று தோன்றும்.

ஆதீனங்களில் இன்றும் பாடம் நடக்கின்றது. கேட்போர் கையில் தாளும் எழுதுகோலும் உள. ஆசிரியர் பெயர், அவர் யாரிடம் கேட்டார், எந்நூலை எதற்கு முன் வைத்தார், எவ்விடத்தில் உரையாசிரியரோடு மாறுபட்டார், எந்த வினாவுக்கு விடை சொல்லாது மறுநாட் சொன்னார் என்னும் இவ்வைந்தையும் கேட்ட நாளிலேயே எழுதிவைப்பார்க்குப் பிற்காலத்துச் சரித்திரகாரர் யாவராயினும் அவர் வேலை பாதி முடிந்ததாகும்.