அரிக்கமேட்டில் ஒரு ஓட்டுத் துண்டு
(சுற்றுலா சென்று படித்த பாடம்)



ரோம் நகரத்தில் டிராஜன் சந்தை என்ற பழைய செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதுபோல நம்ம பக்கத்திலும் ரோமானியர் வியாபாரம் நடந்த இடம் உண்டு. அதுதான் புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு. எங்கள் வகுப்பு அங்கே சென்று வந்தது. ஓசூரில் ராத்திரி பஸ் ஏறி கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

என்ன பார்த்தோம்?

உண்மையைச் சொன்னால் முதலில் ஏமாற்றம்தான். அரியாங்குப்பம் ஆற்றங்கரை, மரங்கள், இடிந்த செங்கல் சுவர், அவ்வளவுதான். "சார், இதுவா ரோமானியர் கட்டினது?" என்று கேட்டோம். சார் சிரித்தார். "இல்லப்பா, இது 18-ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சுப் பாதிரிமார்கள் இருந்த வீடு. நீங்க பார்க்க வந்தது உங்க காலுக்குக் கீழே இருக்கு. தோண்டிப் பார்த்துட்டு மறுபடியும் மண்ணைப் போட்டு மூடிட்டாங்க" என்றார்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்த ஊர்ப் பிள்ளைகள் மண்ணில் கிடைத்த வண்ணக் கற்களை வைத்து விளையாடுவார்களாம். 1937-ல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆசிரியர் அந்தக் கற்களைப் பார்த்தார். ஒன்றில் மனிதத் தலை செதுக்கியிருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் கருதினார். பிறகு 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். மது, எண்ணெய் கொண்டுவந்த இரு கைப்பிடி ஜாடிகளின் (ஆம்போரா) துண்டுகள், இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்புப் பளபளப்புத் தட்டுகளின் துண்டுகள், மணிகள் எல்லாம் கிடைத்தன.

ஒரு ஓடு எப்படி வயது சொல்லும்?

அரெஸ்ஸோ தட்டுகளில் செய்த பட்டறையின் முத்திரை இருக்கும். எங்கள் அப்பா சிப்காட்டில் வார்ப்படக் கம்பெனியில் வேலை செய்கிறார். அங்கே ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு எண் இருக்குமாம். அதைப் பார்த்தால் எந்த நாள் உருக்கிய இரும்பு என்று சொல்லிவிடலாம். இதுவும் அதே மாதிரிதான். அந்தத் தட்டுகள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது இத்தாலியில் முன்பே தெரியும். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன். ஆகவே அதே மண் அடுக்கில் கிடைத்த நம்ம ஊர்ப் பானைகளுக்கும் வயது தெரிந்துவிட்டது!

வீலர் இதை ரோமானியர் வணிக நிலையம் என்று எழுதினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டினார். ரோமானியப் பொருட்கள் வருவதற்கு முன்பே அங்கே நம்மவர்கள் குடியிருந்தது தெரிந்தது. தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகளும் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. அதாவது, வந்தவர்கள் சந்தையைக் கொண்டுவரவில்லை. இங்கே இருந்த ஊருக்கு அவர்கள் வாங்க வந்தார்கள். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசு போய்விடுகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைப்பட்டிருக்கிறார்.

பாக்கெட்டில் போன துண்டு

கிளம்பும் நேரம் என் நண்பன் ஒருவன் ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். சார் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. "எங்கே எடுத்தே?" என்று மட்டும் கேட்டார். அவனுக்குச் சரியாகக் காட்டத் தெரியவில்லை. "பார்த்தியா, இப்ப இது வெறும் ஓடு. அந்த இடத்துல, அந்த மண்ணுல இருந்தாத்தான் அது சாட்சி" என்றார். அவன் முகம் சுண்டிப்போச்சு. துண்டை அங்கிருந்த காவலரிடம் கொடுத்தான். ஆனால் கிடந்த இடத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

நம்ம மாவட்டத்தில்

பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியது. 104 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் காலம் கி.மு. 1615. 130 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 2172. இதை 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 26 செ.மீ. என்பது நம்ம ஸ்கேல் நீளத்தைவிடக் குறைவு. அதற்குள் 557 ஆண்டுகள் அடங்கியிருக்கு! ஜே.சி.பி. ஒரு தடவை அள்ளினால் எத்தனை நூற்றாண்டு போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம்ம பக்கம் நிலம் சமன் செய்யும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ நடுகல், பழைய பானை ஓடு தெரிந்தால் எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள்.

யோசித்து விடை சொல்லுங்கள்:
1. முத்திரை இல்லாத நம்ம ஊர்ப் பானைக்கு வயது கண்டது எப்படி?
2. உங்கள் தெருவில் மிகப் பழையது எது? தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள்.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு